நிறுத்து மச்சான்... வாசனை வந்துடுச்சு!

கொரட்டூர் கிச்சனில் வறுபடும் காபிக் கொட்டை, கூடியம் காட்டில் ஒரு நாள் நடை... ரெண்டுக்கும் ஒரே ஃபார்முலாதான் பாஸ்!

''என்னடா... வீடு பத்திக்கிச்சா?''

2020 லாக்டவுன்ல ஒரு சாயங்காலம். கொரட்டூர் ஹவுஸிங் போர்டு வீட்டு வாசல்ல மாஸ்க்கோட நின்னு என் நண்பன் கேட்ட கேள்வி இது. நாலு வருஷத்துக்கு அப்புறம் அவன் என்கிட்ட முழுசா பேசின முதல் வாக்கியமும் இதுதான்!

வீடு பத்திக்கலை. ஏற்காட்டில் இருந்து சித்தப்பா எப்பவோ கொடுத்தனுப்பின பச்சைக் காபிக் கொட்டையை வறுக்கிறேன்னு இறங்கி, கால் கிலோவைக் கரியாக்கி வெச்சிருந்தேன். ஹால் முழுக்கப் புகை. அம்மா மொட்டை மாடியில. அப்பா ஜன்னல் ஜன்னலா ஓடிட்டு இருக்கார். பக்கத்துத் தெருவுல இருந்து புகையைப் பார்த்துட்டு ஓடி வந்தவன், வாணலியை எட்டிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னான்... ''உனக்கு எப்பவுமே எங்க நிறுத்தணும்னு தெரியாதுடா!''

அது காபிக்காக மட்டும் சொன்னதில்லைன்னு எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அந்த மே மாசம்...

கொஞ்சம் ரிவைண்ட். 2016 மே. ஃபைனல் செமஸ்டர் முடிஞ்ச குஷியில, ''பக்கத்துலயே ஆதி மனுஷன் குகை இருக்காம்டா, போலாமா?''னு கேட்டது நான்தான். கொரட்டூர்ல லோக்கல் ட்ரெயின் ஏறி திருவள்ளூர்ல இறங்கினோம். அங்கிருந்து பூண்டி வழியா கூடியம் காடு. நடக்க ஆரம்பிச்சப்போ மணி பதினொண்ணு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி. தலையில தொப்பி கிடையாது. காட்டுக்குள்ள போக வனத்துறை அனுமதி வாங்கணும்கிற அறிவும் கிடையாது.

ஒரு மணி நேரத்துல தண்ணி காலி. ''தலை சுத்துது... திரும்பிடலாம்டா''னான் அவன். ''இன்னும் அரை மணி நேரம்தான் மச்சான்''னு இழுத்துட்டுப் போனேன். அடுத்த பத்தாவது நிமிஷம் முள்ளுப் புதர் ஓரத்துல அப்படியே சரிஞ்சுட்டான். ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் பார்த்து, நிழல்ல படுக்க வெச்சு, துண்டை நனைச்சு உடம்பெல்லாம் துடைச்சு விட்டு, ''தம்பி, இந்த வெயில்ல ஆடே நடக்காது... நீங்க எங்கய்யா கெளம்புனீங்க?''ன்னார். அவர் இல்லைன்னா இந்தக் கட்டுரை இல்லை. என் நண்பனும் இருந்திருப்பானான்னு தெரியலை.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பாட்டில் சலைன் ஏறிட்டிருந்தப்போ, அவங்க அம்மா திட்டக்கூட இல்லை. ''உன்னை நம்பித்தானேப்பா அனுப்பினேன்''னு மட்டும் சொன்னாங்க. அதுக்கப்புறம் ரோட்டுல பார்த்தா ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் எங்க நட்பு.

நாலு வருஷம் கழிச்சு அதை மறுபடி சூடு பண்ணினது, நான் கரியாக்கின காபிக் கொட்டை!

முதல்ல கொட்டையைப் பிடிங்க!

அன்னிக்கே அவன் சட்டைக் கையை மடிச்சுவிட்டு, ''மிச்சம் இருக்கிறதை எடு''ன்னான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வீணாக்கின கொட்டைக்குக் கணக்கே இல்லை. அதுல கத்துக்கிட்டதை அப்படியே தர்றோம்.

வீட்டில் காபி வறுப்பது புது ஃபேஷன் எல்லாம் இல்லை. உங்க பாட்டியைக் கேட்டுப் பாருங்க. கரி அடுப்பு மேல வெச்சு கைப்பிடியால சுத்துற உருளை, பெஞ்சுல முறுக்கி மாட்டுற கை மெஷின்னு கதை கதையாச் சொல்வாங்க. எத்தியோப்பியாவுல இன்னிக்கும் விருந்தாளி வந்தா, அவர் கண் முன்னாடியே பச்சைக் கொட்டையை வறுத்து, இடிச்சு, மூணு சுற்று காபி ஊத்துறதுதான் மரியாதை. நாம நடுவுல மறந்துட்டோம், அவ்வளவுதான்!

காபிப் பொடி அரைச்சுத் தர்ற கடைகளில் 'வறுக்காத பச்சைக் கொட்டை'ன்னு கேளுங்க. ரெண்டு பெயர் தெரிஞ்சா போதும். ஒண்ணு, 'பிளான்டேஷன் ஏ'. ஒரு பக்கம் தட்டையா, நடுவுல கோடோட இருக்கும். இன்னொண்ணு, 'பீபெரி'. வழக்கமா ஒரு காபிப் பழத்துக்குள்ள ரெண்டு விதை இருக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் விளைஞ்சா அது உருண்டையா வரும், அதுதான் பீபெரி. வாணலியில நல்லா உருளும்கிறதால ஓரளவு சீரா வறுபடும். முதல் தடவை வறுக்கிறவங்களுக்கு இதுதான் பெஸ்ட். ரோபஸ்டாவுல காஃபீன் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, கசப்பும் ஜாஸ்தி. டிக்காஷன் திக்கா வேணும்னா கொஞ்சம் கலந்துக்கலாம்.

நம்ம ஊர்க் கொட்டையைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஏற்காட்டு மலையில காபி வந்தது 1820-களில், அப்போ சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் புண்ணியத்தில். நீலகிரி, பழனி மலை, ஆனைமலைன்னு தமிழ்நாட்டு மலைகள் பலதுலயும் காபி விளையுது.

வறுக்கலாம் வாங்க!

ஒரு தடவைக்கு 100 கிராம், அதுக்கு மேல வேண்டாம். சொத்தை, உடைசலைப் பொறுக்கி எடுத்துடுங்க. கனமான இரும்பு வாணலி, நீளமான மரக்கரண்டி, மிதமான தீ. நான்-ஸ்டிக் தவாவைத் தொடாதீங்க, இந்தச் சூடு அதுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்க. அடுப்பை விட்டு ஒரு நொடிகூட நகரக் கூடாது, கிண்டுறதை நிறுத்தவும் கூடாது. போன் வந்தா நண்பன் எடுக்கட்டும். அதுக்குத்தான் அவன்!

கண்ணு, மூக்கு, காது... மூணுக்கும் வேலை இருக்கு.

முதல் நாலஞ்சு நிமிஷம்: பச்சை மாறி மஞ்சளாகும். வைக்கோல் வாசனை வரும். கொட்டைக்குள்ள பத்துல ஒரு பங்குக்கு மேல ஈரம் இருக்கும், அது வெளியேறுற நேரம் இது. 'ஒண்ணுமே ஆகலையே'ன்னு தீயை ஏத்தினா, வெளியே கருகி உள்ளே பச்சையா நிக்கும்.

ஏழெட்டு நிமிஷம்: பழுப்பு நிறம். ரொட்டி சுடுற வாசனை. மெல்லிசா தோல் உரிஞ்சு பறக்கும்.

பத்து நிமிஷத்தை ஒட்டி: 'பட்... பட்'னு பாப்கார்ன் மாதிரி சத்தம். இதுதான் முதல் வெடிப்பு. கொட்டையோட சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். உள்ளே இருக்கிற நீராவி கொட்டையைப் பிளந்துக்கிட்டு வர்ற சத்தம். கொட்டை சட்டுனு உப்பிடும். லைட் ரோஸ்ட் பிரியர்கள் இந்தச் சத்தம் அடங்கினதும் இறக்கிடலாம்.

அப்புறம் ஒரு சின்ன அமைதி. அதைத் தாண்டினா 'சட சட'ன்னு மெல்லிசா ரெண்டாவது வெடிப்பு, 225 டிகிரி வாக்கில். நம்ம ஃபில்டர் காபிக்கு இந்த அமைதியோட கடைசி... ரெண்டாவது வெடிப்பு ஒண்ணு ரெண்டு கேக்குற இடம்தான் சரியான ஸ்பாட். அதையும் தாண்டினா எண்ணெய் பளபளக்கும், புகை கிளம்பும், பக்கத்துத் தெருவுல இருந்து ஆள் ஓடி வரும்!

இந்த நிமிஷக் கணக்கெல்லாம் எங்க வீட்டு அடுப்புக்கு. உங்க அடுப்பு, உங்க வாணலிக்கு மாறும். அதனால கடிகாரத்தைவிட காதை நம்புங்க.

இப்பதான் முக்கியமான பாடம். அடுப்பை அணைச்சாலும் கொட்டை நிக்காது. உள்ளே இருக்கிற சூட்டுலயே இன்னும் கொஞ்சம் வறுபடும். 'இதோ, கரெக்டான கலர்!'னு பார்த்து இறக்கினா, ஆறும்போது ஒரு பங்கு கூடுதலா கறுத்திருக்கும். அதனால நீங்க விரும்புற நிறத்துக்கு ஒரு படி முன்னாடியே இறக்கணும். இறக்கினதும் முறத்துலயோ பெரிய சல்லடையிலயோ கொட்டி, விசிறியால வீசி நாலு நிமிஷத்துக்குள்ள ஆற வெச்சுடுங்க. மொட்டை மாடி பெஸ்ட். ஃபேனுக்கு அடியில புடைச்சீங்கன்னா, உமி வீடெல்லாம் பறந்து அம்மாகிட்ட டோஸ் கன்ஃபர்ம்!

100 கிராம் போட்டா 80, 85 கிராம்தான் திரும்பி வரும். மீதி ஈரமாவும் புகையாவும் போயிடும். பயப்படாதீங்க, யாரும் திருடலை.

உடனே அரைச்சுக் குடிச்சுடாதீங்க. புதுசா வறுத்த கொட்டைக்குள்ள கார்பன் டை ஆக்ஸைடு அடைஞ்சு கிடக்கும். டிக்காஷன் நுரைச்சுக்கிட்டு சரியா இறங்காது. ஒரு நாளாவது மூடியை லேசாத் திறந்து வெச்சு விட்டுட்டு, குடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அரைங்க. ரெண்டு வாரத்துக்குள்ள தீர்த்துடுங்க. சிக்கரி போடலாமா? தாராளமா! ஆனா, கடைக் கலவையிலேயே காபி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நம்ம வீட்டுல அதைவிடக் கஞ்சத்தனம் வேண்டாமே!

சரி... மலைக்குப் போலாமா?

வாணலி கைக்கு வந்ததும் ஒரு நாள் அவனே கேட்டான். ''அந்தக் குகையை விட்டுட்டோமேடா... ஒழுங்கா பிளான் பண்ணி ஒரு தடவை போலாமா?'' எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. ''பிளான் பண்றது நீ''ன்னேன்.

எங்கே போறோம்னு தெரிஞ்சுக்கோங்க. பூண்டி ஏரி, 1944-ல் கட்டி முடிச்ச சத்தியமூர்த்தி சாகர், நம்ம சென்னைக்குக் குடிதண்ணி தர்றது. அதைத் தாண்டினா அல்லிக்குழி மலைக்காடு. அங்கே கூழாங்கல்லைக் கொட்டிக் காரை பூசின மாதிரி பாறைகள். அதுல இயற்கையா அமைஞ்ச பெரிய பாறைக் குடைவுகள்தான் கூடியம் குகைகள். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டி, கற்கால மனுஷனோட கருவிகளைக் கண்டெடுத்துச்சு. பக்கத்துல இருக்கிற அத்திரம்பாக்கத்துல ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-லேயே கல் கருவிகளைக் கண்டுபிடிச்சுட்டார். அங்கே கிடைச்சதுல பழையது ஏறக்குறைய 15 லட்சம் வருஷத்துக்கு முந்தினதுன்னு சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினாங்க. நம்ம லோக்கல் ட்ரெயின் லைன்ல, திருவள்ளூர்ல இருந்து கொஞ்ச தூரத்துல!

அனுமதி முக்கியம் மக்களே! 2018 மார்ச் 11-ம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவங்க காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கும் மேல இறந்துபோனாங்க. பலரும் நம்ம வயசுப் பசங்க. அதே வருஷம் மலையேற்றத்துக்குன்னு தமிழக அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள், ஆன்லைன் புக்கிங், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். அந்த 40-ல் கூடியம் குகையும் ஒண்ணு. கோடையில் தீ அபாயம் இருக்கிறப்போ பாதைகளை மூடி வைப்பாங்க. அதனால வழி திறந்திருக்கான்னு பார்த்துட்டு புக் பண்ணுங்க. ஜனவரி மாதிரி குளிர் மாசமா இருந்தா உத்தமம்.

மூணு நாள் பிளான்

வியாழன் ராத்திரி: காபி வறுக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்துதான்! வறுக்கும்போதே பேசிடலாம்... யார் என்ன எடுத்துட்டு வர்றது, யாருக்கு முட்டி வலி, யாருக்கு மாத்திரை இருக்குன்னு.

வெள்ளி: கொட்டைக்கு ரெஸ்ட், உங்களுக்கு வேலை. புக்கிங்கில் எங்கே, எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு பாருங்க. திரும்பி வர வேண்டிய ட்ரெயினைக் குறிச்சுட்டு, அதுல இருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்க. திருவள்ளூர்ல இருந்து பூண்டிக்கு பஸ் உண்டு, அதுக்கு மேல குறைவு. ஆட்டோவைப் போக வரப் பேசிடுங்க. காட்டுக்குள்ள செல்போன் சிக்னலை நம்பாதீங்க. எங்கே போறீங்க, எப்போ திரும்புவீங்கன்னு எழுதி வீட்டுல கொடுங்க. அம்மாகிட்ட 'ஃப்ரெண்டு வீட்டுக்கு'ன்னு பொய் சொல்லிட்டுப் போறது சினிமாவுக்கு ஓகே, காட்டுக்கு நோ! ராத்திரி கொட்டையை அரைச்சு, ஃபில்டர்ல டிக்காஷன் இறக்கிடுங்க.

சனி விடியல்: ஃப்ளாஸ்க்கில் முதல்ல கொதிக்கிற தண்ணியை ஊத்தி அஞ்சு நிமிஷம் வெச்சுக் கொட்டிடுங்க. அப்புறம் வெந்நீரை நிரப்புங்க, சூடு நிக்கும். டிக்காஷன் தனி பாட்டிலில். பால் வேண்டாம், வெயில்ல திரிஞ்சுடும். கருப்பட்டியைத் தட்டிப் போட்டு எடுத்துக்கோங்க. காட்டுக்குள்ள அடுப்பு, நெருப்பு எதுவும் கூடவே கூடாது. குரங்கணியை மறந்துடாதீங்க. பாறை இடுக்குகளில் தேன்கூடும் தொங்கும். புகையோ கூச்சலோ போட்டீங்கன்னா, துரத்தப்போறது வாட்ச்மேன் இல்லை!

பையில இருக்க வேண்டியவை: ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி. அதுல மூணுல ஒரு பங்கு போகும்போது, ஒரு பங்கு வரும்போது, ஒரு பங்கைத் தொடவே கூடாது. அது அவசரத்துக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட். இல்லைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டுமே தலை தட்டி அளந்தது. தொப்பி, முழுக்கை சட்டை, கணுக்காலை மூடுற ஷூ, புளியோதரை, குப்பை அள்ளி வர ஒரு கவர். காபி இருக்கேன்னு தண்ணியைக் குறைக்காதீங்க. காபி சந்தோஷத்துக்கு, தண்ணி உயிருக்கு.

தலை சுத்தல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தா அங்கேயே நிறுத்தி நிழலுக்குப் போங்க. பேச்சு குழறினாலோ, உடம்பு நெருப்பா கொதிச்சாலோ தாமதிக்காம உடம்பை நனைச்சு விசிறிவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்க. 'இன்னும் அரை மணி நேரம்தான்'கிற டயலாக்கை அகராதியில இருந்தே எடுத்துடுங்க. இது, சொல்லிப் பட்டவனோட வேண்டுகோள்!

க்ளைமாக்ஸ்...

2025 ஜனவரி. கொரட்டூர் ஸ்டேஷன், விடியற்காலை. பனியில பிளாட்பாரம் தெரியலை, ஆனா என் பையில இருந்து காபி வாசனை மட்டும் தெளிவா வந்துச்சு. வழிகாட்டி அண்ணன், நாங்க ரெண்டு பேர். இதமான வெயில், காரைச் செடி, முள்ளுக்காடு, கால் வைக்கிற இடமெல்லாம் உருண்டைக் கூழாங்கல். எல்லாம் பிளான்படி.

குகைக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தக் கூழாங்கல்லுல ஒண்ணு உருண்டு, அவனுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. லேசாத்தான் வீங்கியிருந்தது. ''நடந்துடுவேன்டா... இவ்வளவு தூரம் வந்துட்டோம்''னான் அவனே. வழிகாட்டி அண்ணன் எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தார். ''இன்னும் கொஞ்ச தூரம்தான் தம்பி. போகலாம், ஆனா இறங்கி வரணுமே... நீங்களே சொல்லுங்க.''

ஒன்பது வருஷமா பார்க்கணும்னு நினைச்ச குகை. மரம் மறைச்சிருக்கு, அவ்வளவுதான். வாயில அந்த வசனம் வந்து நின்னுச்சு. வாணலி ஞாபகம் வந்தது. கலர் சரியா வந்ததுக்கு அப்புறம் இறக்கினா லேட்டு.

''போதும்டா. திரும்பலாம்.''

அவன் என்னையே பார்த்தான். ஒண்ணும் சொல்லலை. நிழலா ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தோம். துண்டை நனைச்சு அவன் காலைக் கட்டினேன். வெந்நீரில் டிக்காஷன் ஊத்தி, கருப்பட்டி போட்டு மூணு டம்ளர். வழிகாட்டி அண்ணன் ஒரு வாய் குடிச்சுட்டு, ''எந்தக் கடைத் தூள் தம்பி?''ன்னார். நண்பன் பட்டுனு சொன்னான்... ''கடை இல்லண்ணே. நாங்க வறுத்தது. கரெக்டா நிறுத்தினோம்!''

அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து, குறிச்சு வெச்ச ட்ரெயினுக்கு முந்தின ட்ரெயினையே பிடிச்சுட்டோம். வீட்டு வாசல்ல அவங்க அம்மா நின்னுட்டிருந்தாங்க. கட்டுப் போட்ட காலைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. ''உள்ள வாப்பா... காபி போடறேன்''னாங்க.

குகையை இன்னும் பார்க்கலை. அதனால என்ன? அது அங்கேயேதானே இருக்கப் போகுது. அடுத்த சீசனுக்கும் புக் பண்றதா இருக்கோம். கால் சரியாகிடுச்சு, கொட்டையும் வாங்கியாச்சு!